ஐ.ஆர். லேம்ப்பை எப்போது அணைப்பது: டைமரா, கன்னா, தெர்மோகப்பிளா, சென்சாரா?

அடிபட்ட வண்டிக்கு டிங்கரிங் முடிந்தது, பட்டி தேய்த்தாயிற்று, பிரைமர் போட்டு, கலர் அடித்து, அதன்மேல் பளபளப்புக்கான நிறமில்லாப் பூச்சான கிளியரும் அடித்தாயிற்று. பல பட்டறைகளில் கவனம் தளர்வது இதற்கு அப்புறம்தான். பெயின்டைச் சூட்டால் காயவைக்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) லேம்ப்பை உருட்டிக்கொண்டு வந்து பேனலுக்கு முன்னால் நிறுத்துவார்கள். டைமரை 15 நிமிடத்துக்குத் திருகிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் வேலை பார்த்தேன்.

ஒரு கறுப்பு பம்பர் அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. முதல் நாள் ஒரு வெள்ளை டோரை இரண்டரை அடி தூரத்தில், 15 நிமிடக் கணக்கில் காயவைத்திருந்தோம். நன்றாக வந்தது. மறுநாள் அதே தூரம், அதே நிமிடம் என்று பம்பருக்கும் வைத்தோம். திரும்பி வந்து பார்த்தபோது நடுவில் ஓரடி நீளத்துக்கு அலை அலையாக நெளிந்திருந்தது. கிளியர் முழுக்க ஊசி குத்தியது போன்ற பின்ஹோல். புது பம்பர் வாங்கிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து அடித்துக் கொடுத்தோம். லேம்ப்பில் பழுதில்லை, பெயின்டிலும் பழுதில்லை. எங்கள் கையில் இருந்த அளவுகோல்தான் தவறு.

பெயின்ட் கம்பெனி கொடுக்கும் டேட்டா ஷீட்டை எடுத்துப் பாருங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கும் சாதாரண டூ-கே கிளியருக்கு 60 டிகிரியில் 30 நிமிடம் என்று போட்டிருக்கும். அந்த 60 டிகிரி பேனலின் சூடு. பெயின்ட் அடித்துக் காயவைக்கும் அறையான பூத்துக்குள் இருக்கும் காற்றின் சூடு அல்ல. அந்த 30 நிமிடமும் பேனல் 60-ஐத் தொட்ட பிறகு எண்ணத் தொடங்க வேண்டியது. ஷார்ட்வேவ் (குறுகிய அலைநீள) லேம்ப் என்றால் பல கிளியர்களுக்கு 8 முதல் 15 நிமிடம் போதும் என்று தனியாக ஒரு வரி இருக்கும், கூடவே பேனல் எவ்வளவு சூட்டைத் தாண்டக்கூடாது என்றும் இருக்கும். ஆக, கம்பெனி கேட்பது இரண்டு விஷயம்: இத்தனை டிகிரி, இத்தனை நிமிடம். டைமர் அதில் ஒன்றைத்தான் பார்க்கிறது.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். 0.8 மில்லிமீட்டர் தகடு, ஒரு சதுர மீட்டர் எடுத்தால் எடை சுமார் 6.3 கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 90 கிலோஜூல் வேண்டும். லேம்ப்பிலிருந்து வருவதில் 2 கிலோவாட்டைத் தகடு நிஜமாக உறிஞ்சிக்கொண்டால் முக்கால் நிமிடத்தில் 60 வந்துவிடும். அதோடு நின்றுவிடாது. முன்னும் பின்னுமாகக் காற்றில் இழக்கும் சூடும் வாங்கும் சூடும் சமமாகும்வரை ஏறிக்கொண்டே போகும், 100-ஐத் தாண்டும். அதே தகடு ஒரு கிலோவாட் மட்டும் உறிஞ்சினால் 70 டிகிரி பக்கம் வந்து நின்றுவிடும். இரண்டுமே ஐந்தாறு நிமிடத்துக்குள் தங்கள் உச்சத்தை நெருங்கிவிடும். அதனால் "சூடு அதிகமாகிறது, 15 நிமிடத்தை 12 ஆக்கு" என்று சொல்வதில் பெரிய பலன் கிடையாது. கெடுதல் நடப்பதென்றால் ஆறாவது நிமிடத்திலேயே நடந்து முடிந்திருக்கும்.

ஒன்றுக்கு இரண்டாக இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? முக்கியமாக நிறத்திலிருந்து. ஷார்ட்வேவ் லேம்ப்பின் இழை 2000 டிகிரி செல்சியஸை ஒட்டி எரிகிறது. அது விடும் கதிர் 1.2, 1.3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கத்தில் உச்சம் கொள்கிறது (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கண்ணுக்குத் தெரியும் ஒளிக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கே கறுப்பு கறுப்பாகவும், வெள்ளை வெள்ளையாகவும்தான் நடந்துகொள்ளும். கறுப்பு நிறமி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் குடித்துவிடும். வெள்ளையில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத சூடு இருப்பதைக் கண்டுபிடித்தபோது, தெர்மாமீட்டரின் குமிழுக்குக் கறுப்பு பூசித்தான் அளந்தார். நம் கறுப்பு பம்பர் சொல்வதும் அதே செய்திதான்.

நிறம் போக இன்னும் சில உண்டு. மார்கழிக் காலையில் பேனல் 24 டிகிரியிலிருந்து கிளம்பும், அக்னி நட்சத்திர மதியத்தில் 40-இலிருந்து கிளம்பும். வோல்ட்டேஜ் 230-இலிருந்து 200-க்கு இறங்கினால் லேம்ப்பின் பவரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அரை அடி தள்ளி வைத்தாலும் நன்றாகவே குறையும். பிளாஸ்டிக் இன்னும் வேறு கதை. இரும்பு தன்மேல் விழுந்த சூட்டைப் பக்கத்துக்குக் கடத்திவிடும். பிளாஸ்டிக் கடத்தாது, விழுந்த இடத்திலேயே மேற்பரப்பில் வைத்துக்கொள்ளும். இத்தனையையும் ஒரே எண்ணில் அடக்கு என்று டைமரிடம் கேட்பது நியாயமில்லை.

சரி, டைமர் போதாது என்றால் வேறு என்ன இருக்கிறது?

மலிவான வழி கையில் பிடிக்கும் டெம்பரேச்சர் கன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அதன் உறவுக்காரன். ஆனால் அந்த நெற்றிக் கன்னையே பட்டறைக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். அது உடல் சூட்டைச் சுற்றி ஒரு சின்ன எல்லைக்குள் மட்டும் காட்டும்படி செய்தது. தொழிற்சாலை வகை கன் வேண்டும். அது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால்தான் எப்போது பொய் சொல்லும் என்பதும் புரியும்.

60 டிகிரியில் இருக்கும் பேனலும் கதிர் விடுகிறது. அதன் உச்சம் 8.7 மைக்ரான் பக்கத்தில். கன் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் வரை. லேம்ப்பின் இழை விடும் கதிரில் 5 மைக்ரானுக்கு மேல் இருப்பதை லேம்ப்பின் குவார்ட்ஸ் குழாயே தடுத்துவிடுகிறது. லேம்ப் ஓர் இடத்தில் பேசுகிறது, பேனல் வேறோர் இடத்தில் பேசுகிறது, கன் பேனல் பேசும் இடத்தில் காது வைத்திருக்கிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த விஷயம் இன்னொன்று. அந்த 8-14 மைக்ரானில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு எல்லா பெயின்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கதிர் விடுகின்றன. அந்தக் கதிர்விடும் திறனை எமிசிவிட்டி என்கிறார்கள், பெயின்டுக்கு அது 0.9-க்கு மேல். கிளியர் கோட் கண்ணுக்குத்தான் கண்ணாடி மாதிரி. அந்த அலைநீளத்தில் அதுவும் ஒளிபுகாத பெயின்ட்தான். லேம்ப்புக்கு நிறம் தெரியும், கன்னுக்கு நிறம் தெரியாது. நிறத்தால் வரும் குழப்பத்தைத் தீர்க்க நிறம் தெரியாத ஒரு கண்தானே வேண்டும்.

அது தடுமாறும் இடங்கள் உண்டு. பெயின்ட் இல்லாத வெறும் உலோகம், குரோம், பாலிஷ் செய்த அலாய் வீல் இவற்றின் எமிசிவிட்டி மிகவும் குறைவு. 0.95-இல் வைத்த கன்னைக் காட்டினால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும், அல்லது சுற்றியிருப்பதன் பிரதிபலிப்பைக் காட்டும். கிளியர் இல்லாமல் அடித்த சில்வர் அலுமினிய பெயின்டும் அப்படியே. லேசர் புள்ளியும் நம்மை ஏமாற்றும். அது குறிகாட்டி மட்டும், அளக்கும் வட்டம் அதைவிடப் பெரியது. தூரத்துக்கும் வட்டத்துக்கும் உள்ள விகிதம் 12-க்கு 1 என்று போட்ட கன் 60 சென்டிமீட்டரிலிருந்து 5 சென்டிமீட்டர் வட்டத்தைப் பார்க்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் பன்னிரண்டரை சென்டிமீட்டர். அந்த வட்டத்துக்குள் மாஸ்கிங் பேப்பரும் வந்துவிட்டால் இரண்டும் கலந்த ஒரு எண்தான் கிடைக்கும்.

லேம்ப் எரியும்போதே அளந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. குவார்ட்ஸ் குழாயும் ரிஃப்ளெக்டரும் தாங்களே சூடேறி 8-14 மைக்ரானில் கதிர் விடும். பேனல் அதில் ஒரு ஐந்து சதவீதத்தைப் பிரதிபலிக்கும். ஐந்துதானே என்று விட முடியாது, பேனலைவிடப் பல நூறு டிகிரி கூடுதலான ஒரு பொருளின் ஐந்து சதவீதம் அது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் பளபளக்கும் கிளியரில் லேம்ப்பின் உருவம் தெரிகிறதா? தெரிந்தால் கன்னுக்கும் தெரியும். அதே புள்ளியைக் குறிவைத்தபடி ஓரடி நகர்ந்து பாருங்கள். எண் சட்டென்று மாறினால் முதலில் காட்டியது பேனலின் சூடு மட்டுமல்ல.

கன்னின் உண்மையான பலவீனம் இவை எதுவும் இல்லை. அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்பதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை வந்து அளந்து, கூடினால் லேம்ப்பைப் பின்னால் தள்ளி, குறைந்தால் முன்னால் இழுக்கும் பொறுமையான பெயின்டர் இருந்தால் கன் அருமையான கருவி. வேலை குவிந்து கிடக்கும் சனிக்கிழமை மாலையில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

தெர்மோகப்பிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கம்பிகளின் முனை ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைச் சொல்லும். கே டைப் என்றால் எல்லா இடத்திலும் கிடைக்கும். ஈரப் பெயின்டின்மேல் வைக்க முடியாது, வைத்தால் தழும்பு விழும். லேம்ப்புக்கு எதிரில் வைத்தாலோ அந்த முனையே கதிரை உறிஞ்சித் தன் சூட்டைக் காட்டும். ஆகவே பேனலின் பின்பக்கம், அலுமினிய டேப்பால் அழுத்தி ஒட்ட வேண்டும். தகடு மெல்லியது என்பதால் பின்பக்க சூடும் முன்பக்க சூடும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒவ்வொரு வண்டிக்கும் டோரின் உள்பக்க ட்ரிம்மைக் கழற்றி ஒட்டிக்கொண்டிருக்க முடியுமா? முடியாது. தினசரிக் கட்டுப்பாட்டுக்கு இது ஆகாது. மற்றக் கருவிகள் சொல்வது சரியா என்று பார்க்க இதைவிட நம்பகமானது எதுவும் இல்லை.

அடுத்து, லேம்ப் தலையிலேயே பொருத்திய சென்சார். கன்னுக்குள் இருக்கும் அதே கண்தான். அது பேனலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், கன்ட்ரோலர் அதைப் படித்து லேம்ப்பின் பவரை ஏற்றி இறக்கும். 60 என்று வைத்தால் 60-இல் பிடித்து நிறுத்தும். வெள்ளை டோருக்கு அதிக பவர், கறுப்பு பம்பருக்குக் குறைந்த பவர் என்று அதுவே பார்த்துக்கொள்ளும். வோல்ட்டேஜ் இறங்கினால் சற்றுக் கூட்டிக் கொடுக்கும். நல்ல கன்ட்ரோலரில் நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏறலாம் என்றும் வைக்கலாம். பின்ஹோல் வருவதே மேல்தோல் சீக்கிரம் மூடிக்கொண்டு, அடியில் சிக்கிய தின்னர் பின்னால் கொதித்துக் கிளம்புவதால்தான். முதல் சில நிமிடம் மெதுவாக ஏற்றினால் தின்னர் வெளியேற நேரம் கிடைக்கும். ஏறும் வேகத்தைக் கையால் இந்த அளவுக்குப் பிடிப்பது கஷ்டம். சென்சாருக்காகப் பணம் கொடுக்க எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

ஆனால் எந்த லேம்ப்பிலும் சென்சாரை மாட்டிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஷார்ட்வேவ் குவார்ட்ஸ் லேம்ப் ஒரு விநாடிக்குள் எரியும், அணையும். சென்சார் "நிறுத்து" என்றால் நிற்கும். பழைய மாதிரி செராமிக் ஹீட்டர் அப்படியல்ல, கரன்ட்டை நிறுத்திய பிறகும் சில நிமிடங்களுக்குச் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல சென்சாரை வைத்தாலும் குறியைத் தாண்டிப் போய்த்தான் திரும்பும். மீடியம்வேவ் குழாய்களில் சில வேகமானவை, சில அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். வாங்கும்போது இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செராமிக் ஹீட்டர் வைத்திருப்பவர் சென்சாருக்குச் செலவழிப்பதைவிட அந்தப் பணத்தை லேம்ப்பை மாற்றும் கணக்கில் சேர்த்துவைப்பது நல்லது.

சென்சார் பார்ப்பது ஒரே ஒரு வட்டம் என்பதுதான் அதை வாங்கியவர்கள் பலரும் மறக்கிற விஷயம். அது பார்க்கும் இடம் 60-இல் இருக்கும். மற்ற இடங்கள் எத்தனை டிகிரியில் இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது. ஃபெண்டரின் வளைவு லேம்ப்புக்கு நெருக்கமாக இருக்கும், அங்கே 80 ஓடிக்கொண்டிருக்கலாம். அதனால் குறி வைக்க வேண்டியது பேனலின் நடுவை அல்ல, எந்த இடம் முதலில் கெடுமோ அந்த இடத்தை. கனமாகப் பட்டி போட்ட இடம் இருந்தால் அதை. பட்டி தகடு போல சூட்டைக் கடத்தாது, மேற்பரப்பு முந்திக்கொண்டு ஏறும். பம்பர் என்றால் லேம்ப்புக்கு மிக நெருக்கமாக வரும் வளைவை. அப்புறம் குளிர்ந்த ஓரத்தைக் கன்னால் ஒருமுறை பார்த்து, அங்கே 60 வரும்வரை லேம்ப்பின் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

குறி தவறினால் இரண்டு விதமாகக் கெடும். சென்சார் மாஸ்கிங் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தால், பேப்பர் மெல்லியது, சீக்கிரம் சூடாகும், கன்ட்ரோலர் பவரைக் குறைத்துவிடும். பேனல் 45 டிகிரியிலேயே நின்றுவிடும். தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். பாலிஷ் போடும்போது கோடு விழும், சில வாரத்தில் பளபளப்பு மங்கும். எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து. யாரோ ஸ்டாண்டை இடித்து சென்சார் தரையைப் பார்த்துத் திரும்பிவிட்டது என்று வையுங்கள். தரை 32 டிகிரி. கன்ட்ரோலர் அதைப் பேனல் என்று நினைத்து முழு பவரைத் திறந்துவிடும், மூடவே மூடாது. தின்னர் ஆவி இருக்கும் இடத்தில் இது பெயின்ட் கெடுவதோடு முடியாமல் தீப்பிடிப்பதில் போய் முடியலாம். அதனால் சென்சார் வைத்த லேம்ப்பிலும் டைமரைக் கழற்றக்கூடாது. டிகிரியைச் சென்சார் பார்க்கட்டும், இத்தனை நிமிடத்துக்கு மேல் எரியவே கூடாது என்பதை டைமர் பார்க்கட்டும். இரண்டு நிமிடம் முழு பவர் கொடுத்தும் பேனல் சூடு ஏறவில்லையென்றால் அணைத்துவிடும் வசதி சில கன்ட்ரோலர்களில் உண்டு. இருந்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு ஒன்றும் பெரிதில்லை, ஆனால் விடக்கூடாது. லென்ஸில் பெயின்ட் தூசி படிந்தால் குறைத்துக் காட்டும், அதனால் பேனலைக் கூடுதலாகச் சூடாக்கிவிடும். வாரம் ஒருமுறை மென்மையான துணியால் துடைக்க வேண்டும், தின்னர் வேண்டாம். சென்சார் தலையே லேம்ப்பின் சூட்டில் காய்ந்தாலும் அளவு நகரும், அதன் மேல் எல்லை எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புக்காக முன்னால் சாதாரணக் கண்ணாடி வைத்துவிடாதீர்கள். 8-14 மைக்ரானுக்குக் கண்ணாடி ஒரு சுவர், சென்சார் அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான் படிக்கும்.

யாருக்கு எது? ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு பேனல், பெயின்டர் முதலாளியே அல்லது பல வருடம் கூடவே இருப்பவர் என்றால், டைமர் லேம்ப்பும் ஒரு நல்ல கன்னும் போதும். முதலில் அரை பவரில் ஐந்து நிமிடம், பிறகு முழு பவர், நிமிடத்துக்கு ஒருமுறை கன் என்று ஒழுங்கு வைத்துக்கொண்டால் சென்சார் செய்யும் வேலையில் பெரும்பகுதி நடந்துவிடும். பம்பர் வேலை அதிகம் வருகிற பட்டறை, ஆட்கள் அடிக்கடி மாறுகிற பட்டறை, ஒரே ஆள் இரண்டு லேம்ப்பைப் பார்க்கிற பட்டறை, இவர்கள் சென்சார் வைத்த ஷார்ட்வேவ் லேம்ப்புக்கே போகலாம். இரண்டு மூன்று பம்பரை மறுபடி வாங்கிக் கொடுத்த அனுபவம் உள்ளவருக்கு விலை வித்தியாசம் உறுத்தாது. முழு வண்டியாக அடிப்பவருக்கு டீசல் பர்னர் பூத்தான் சரி. அங்கேயும் மீட்டரில் தெரிவது காற்றின் சூடு, பேனல் அதற்குப் பின்னால்தான் வரும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பட்டறையில் இப்போது இரண்டு லேம்ப். பெரியதில் சென்சார் இருக்கிறது, பம்பர் எல்லாம் அதற்குத்தான். சின்னது டைமர் லேம்ப், அதன் ஸ்டாண்டிலேயே ஒரு கன்னைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். சுவரோரம் ஒரு பழைய டோர் சாய்ந்து நிற்கிறது, பாதி கறுப்பு, பாதி வெள்ளை, இரண்டு பாதியின் பின்னாலும் தெர்மோகப்பிள். மாதத்தின் முதல் திங்கள் காலை அதை லேம்ப்புக்கு முன்னால் நிறுத்தி, கம்பி சொல்வதையும் கன் சொல்வதையும் சென்சார் சொல்வதையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். மூன்று டிகிரிக்கு மேல் விலகினால் முதலில் லென்ஸைத் துடைக்கிறோம், பிறகு குறியைப் பார்க்கிறோம். அதற்கப்புறம்தான் அன்றைய முதல் வண்டி உள்ளே வரும்.